இறால்மேல் போட்ட பழி

பழவேற்காட்டில் நான் சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் நடந்தது இது. கோட்டைக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. விருந்தில் கலந்துகொண்டவர்களில் பலருக்கு மறுநாளே வயிற்றுப்போக்கு. கஞ்சித் தண்ணீர் போலப் போயிற்று. கண்கள் உள்ளே போய், விரல்கள் சுருங்கிக் கிடந்தார்கள். ஒரு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தார். காலராவாக இருக்கும் என்று பயந்தோம்.

விருந்தில் இறால் தொக்கு. இறாலைக் கொடுத்தவர், ஏரியில் இறங்கிக் கையால் துழாவிப் பிடித்து விற்கும் ஒரு பெண். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி, டச்சுக் கல்லறைப் பக்கம் தொடங்கிக் குப்பம் குப்பமாக நானே அறிவித்தேன்: "ஏரி இறாலை யாரும் வாங்க வேண்டாம்." பெயர் சொல்லவில்லைதான். யாருடைய இறால் என்று ஊருக்குத் தெரியும்.

யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாக எழுதத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அந்தப் பெண்ணின் மகளும் பாயில் துவண்டு கிடந்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"இவ எறாவே துன்ன மாட்டா சார். துன்னா ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும். இவளுக்கு இன்னாத்துக்கு வந்துச்சி?"

"அன்னிக்கு வேற என்ன சாப்ட்டா?"

"சோறுகூட துன்னல. ரோஸ்மில்க்குதான் நாலு கிளாஸ் குடிச்சா."

பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். படுத்தவர்கள் எல்லோரும் ரோஸ்மில்க் குடித்திருந்தார்கள். அதைத் தொடாமல், இறாலை மட்டும் தின்றவர்கள் நன்றாக இருந்தார்கள். ரோஸ்மில்க்கில் உடைத்துப் போட்டது, மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸ். ஐஸ் கம்பெனியின் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். நோயாளிகளிடம் இருந்த அதே காலராக் கிருமி அதிலும் இருந்தது.

மறுபடி மைக்கில் உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டேன். மேலதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நோய் அடங்கிடுச்சில்ல? கம்பெனிக்கு நோட்டீஸ் குடுத்தாச்சு. நம்ம தப்ப நாமளே எதுக்கு ஊருக்குச் சொல்லிக்கிட்டு?"

நான் எதிர்த்துப் பேசவில்லை. புதிய வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீடுகளில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க சார்" என்றார்கள். ஆனால் ஒருவரும் அந்தப் பெண்ணிடம் இறால் வாங்கவில்லை. கடைசியாக அவரிடமே போனேன். மகள் தேறி, வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஊருக்கே மைக்குல சொன்னீங்க. இன்னிக்கு வந்து எங்காதுல சொல்றீங்க."

குரலில் கோபம்கூட இல்லை.

கிணற்றில் மருந்து போட்டுவிட்டதாகக் காட்டி, ஐஸ் கம்பெனி சில வாரங்களிலேயே திறந்துவிட்டது. அவர் மட்டும் பிறகு ஏரியில் இறங்கவில்லை. காட்டூர்ப் பக்கம் களையெடுக்கப் போகிறார் என்று சொன்னார்கள்.