புளியங்குளத்தில் இறக்கப்பட்டவர்

1959. பிரதமரை ஒரு புத்த பிக்கு சுட்டுக் கொன்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ் புளியங்குளத்துத் தேநீர்க்கடை முன்னால் நிற்கிறது. மதகுருமாருக்கென்று ஒதுக்கிய முன் இருக்கையில் இருக்கும் வயதான பிக்குவைக் கீழே இறங்கச் சொல்கிறார் ஒரு வேட்டிக்காரர்.

"காவிக்குள்ளை துவக்கு இருந்தால் ஆருக்குத் தெரியும்?"

பிக்குவிடம் இருப்பது குடையும் ஓலை விசிறியும்தான். கொண்டக்டர் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். கிழவர் குடையை ஊன்றி இறங்குகிறார். நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள், ஏதோ நாட்டைக் காப்பாற்றிவிட்டதுபோல. நான் இருக்கையிலேயே இருக்கிறேன்.

முரசுமோட்டைக்குப் போகும் பெண் ஒருவர் பின் இருக்கையிலிருந்து எழுந்து வருகிறார்.

"சுட்டவனுக்குக் கோட்டிலை வழக்கு நடக்கும். இவர் என்ன செய்தவர்? திருப்பி ஏத்துங்கோ. இல்லாட்டி நானும் இறங்கிறன்."

கொண்டக்டர் மணியடிக்கக் கையை உயர்த்துகிறான். அந்தப் பெண் இறங்கிவிடுகிறார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்குகிறேன்.

பிக்குமாரைப் பெண்கள் நெருங்கக்கூடாது என்பதற்காக அவர் சற்றுத் தள்ளியே நிற்கிறார்.

"அவரை உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"இல்லைத் தம்பி. போன வருசக் கலவரத்திலை தமிழச்சியெண்டு என்னை ஸ்டேசனிலை கோச்சியாலை இழுத்து இறக்கினவங்களுக்கும் என்னைத் தெரியாது."

பஸ் புறப்படுகிறது. ஜன்னலில் வேட்டிக்காரர் தெரிகிறார். மதகுருமாரின் இருக்கையில், மடியில் பையை வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.