மாயக்காளின் ஞாயிற்றுக்கிழமை

தேனியில் பஞ்சு மில்லில் பேல் எனும் பொதிகளைப் பிரித்துப் பஞ்சு உதறும் மாயக்காளுக்கு ஆகாத நாள் ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு அன்று லீவு. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கறி ஆக்கும்போது இவள் மட்டும் பயந்து கிடப்பாள். ஞாயிறு ஓய்ந்து உட்கார்ந்தால், திங்கள் மதியத்துக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கும். செவ்வாய், புதன் என்று போகப் போகத் தளரும். சனிக்கிழமை ஓரளவு மூச்சு வரும். பன்னிரண்டு வருஷம் பார்த்து அவள் கண்டுபிடித்தது, உடம்பைச் சும்மா போட்டால் கெட்டுப்போகிறது என்பதுதான்.

கண்ணை மறைக்கும் பஞ்சுத் தூசிமேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தூசிதான் காரணம் என்றால், ஆறு நாள் தின்றபின் சனிக்கிழமையல்லவா படுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான், பாவம்.

உலக யுத்தம் தொடங்கிய வருஷம் மேஸ்திரி பால்பாண்டியிடம் போய் நின்றாள்.

"ஞாயித்துக்கெழமையும் வேலை குடுங்கய்யா. பஞ்சு ரூமைக் கூட்டி விடுதேன்."

மேஸ்திரிக்குக் கசக்குமா? இரண்டு வருஷம் அவளுக்கு ஞாயிறே இல்லை. திங்கள் வலி குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு வீடு சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பிறகு தம்பி பெண்டாட்டி பிரசவத்துக்கென்று காமயகவுண்டன்பட்டிக்குப் போனாள். போன இடத்தில் இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. ஒருநாள் கிணற்றிலிருந்து நிற்காமல் குடத்தோடு வந்துவிட்டாள். வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் மில்லுப் பக்கமே போகவில்லை, நெஞ்சு ஒன்றும் செய்யவில்லையே. அப்படியானால் கெடுத்தது ஓய்வு இல்லை, பஞ்சுத் தூசிதான். இடுப்புக் குடத்தை இறக்காமலே அழுதாள். யாரும் பிடுங்காத ஞாயிற்றுக்கிழமையை அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அதுவும் கெஞ்சி.

தெரிந்து என்ன செய்ய? புருஷன் மொக்கைச்சாமியின் மானாவாரி நிலம் மூன்று வருஷமாக விதையைக்கூடத் திருப்பித் தரவில்லை. மில் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. திங்களன்று வேலைக்குத் திரும்பினாள். உச்சிப் பொழுதில் நெஞ்சு இறுகிக்கொண்டது. தினமும் தின்றால் தூசிக்கு மரத்துப்போகிற நெஞ்சு, விட்டுத் திரும்பினால் புதிதாக அடி வாங்குகிறது என்று இப்போது புரிந்தது.

"ஊருல ஓஞ்சு இருந்தது ஒத்துக்கலையாக்கும்? ஞாயித்துக்கெழமை எப்பவும் போல வந்துரு, மாயக்கா" என்றார் பால்பாண்டி.

பேச மூச்சு சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வரலைங்கய்யா. ஆறு நாளு மில்லுக்கு. அந்த ஒரு நாளாச்சும் நான் மூச்சு விட்டுக்கிடுதேன்."

அந்த ஞாயிறு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மறுநாள் நெஞ்சு அடைக்கும் என்று தெரிந்தேதான் குளித்தாள்.