பெரியப்பா வீட்டுக்கு வரும் நேரம்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சர்ச்சில் பல வருஷம் மணியடித்த சூசை பெரியப்பாவை மாலையில் அடக்கம் செய்தோம்.

இருட்டியதும் என் அம்மா அவர் வீட்டுக்கு இட்லி கொண்டுபோனார். ரோஸ் பெரியம்மா தட்டைத் தள்ளிவைத்தார். தினமும் எதிரே இருக்கும் சர்ச்சின் விளக்குகளை அணைத்துவிட்டுத்தான் பெரியப்பா வீடு வருவார். இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள்.

“அங்கன லைட்டு எரியுதுல்லா. அவிய வந்திரட்டும்,” என்றார் பெரியம்மா.

நிஜமாகவே எரிந்தது. அவர் அணைத்துவிடுவார் என்ற நினைப்பிலேயே, அவரைக் கரிசல் மண்ணில் புதைத்துவிட்டு எல்லாரும் திரும்பியிருக்கிறோம்.

“ஏலே, போய் அணைச்சிட்டு வா,” என்று அவர்கள் மகனிடம் அம்மா மெதுவாகச் சொன்னார்.

“அணைச்சா அம்மா வாசலையே பாக்குமே, சித்தி,” என்றார் அண்ணன்.

உங்கள் சர்ச்சில் கடைசியாக விளக்கை அணைப்பவர் யார்? தெரிந்தால் சொல்லுங்கள். எங்களுக்கு இன்றுதான் தெரிந்தது.

பிறகு அண்ணன் எழுந்து போனார். விளக்குகள் அணைந்தன.