தசமியன்று ஒரு கோடு

கொல்கத்தாவில் ஐப்பசியிலேயே மாலை ஐந்து மணிக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அப்போதுதான் வெயில் தணியும். வந்த புதிதில், பட்டறையில் விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததென்று கைகழுவப் போய்விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போதும் அந்த நேரத்தில் உடம்பு கொஞ்சம் மிதக்கிறது. கை இரும்பை ராவிக்கொண்டிருக்க, மனம் வேறெங்கோ வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால், பம்ப் உதிரிபாகம் கடையும் சின்னப் பட்டறை அது. நடத்துபவர் மாலதி பௌதி. பௌதி என்றால் அண்ணி. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அண்ணி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில், உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரியாமலே பெட்டி ஒட்டினேன். அங்கே இரும்பு கடையும் லேத்துக்குப் பக்கத்தில் எங்களை விடுவது ஆயுத பூஜையன்று மட்டும், சந்தனம் வைக்க. அன்று விரலில் பட்ட இரும்பின் குளிர்ச்சிதான், நாற்பதை நெருங்கும் வயதில் மெக்கானிக்கல் வேலையை அரத்திலிருந்து கற்க என்னை இங்கே உட்கார வைத்தது.

அரம் என்றால் மாதக்கணக்கில் அரம். ராவிய இரும்புக் கட்டைமேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. லேத் ஓட்டும் தபன், "மதராஸி தாதா, இரும்பை மாவாக்கி இட்லி ஊற்றப் போகிறீர்களா?" என்பார். தாதா என்றால் இங்கே அண்ணன். ஒருவழியாக இடுக்கு இருண்டது. "துர்கா பூஜை முடியட்டும், லேத்தில் நில்லுங்கள்" என்றார் பௌதி.

எனக்கோ விஜயதசமியன்றே தொடங்க வேண்டும். இதுவரை எந்த வேலையையும் நாள் பார்த்துத் தொடங்கியதில்லை, எதுவும் நிலைக்கவுமில்லை. புதுச்சட்டையும் சந்தனப் பொட்டலமுமாக, பூட்டிய பட்டறையின் சாவி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். துர்க்கையை வழியனுப்பும் குங்குமம் பூசி அவர் முகம் சிவந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"யாருடைய வேலை? வெளி ஆர்டர் பிடித்திருக்கிறீர்களா?"

"இல்லை பௌதி. இன்று தொடங்கினால் வித்தை கைகூடும்."

"துர்க்கை அம்மா கிளம்பிப் போகிற நாளில் யாராவது தொடங்குவார்களா?"

குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதும் நாள் இது என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லி, தரையில் விரலால் எழுதிக் காட்டினேன்.

"அது சரஸ்வதி பூஜைக்குச் செய்வதல்லவா? தை, மாசியில் வாருங்கள்" என்றார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். சந்தேகம் முழுதும் போகவில்லை போலும். சாவியைத் தராமல் தானே கூட வந்தார்.

பட்டறையில் மெயின் சுவிட்சைப் போடவிடவில்லை. சந்தனம் வைத்தேன். லேத்தின் சுழலும் பிடியான சக்கில் ஒரு கம்பியைப் பூட்டி, வெட்டும் டூலை அதில் படும்வரை நகர்த்தி, சக்கைக் கையால் சுற்றினேன். மெல்லிய கோடு ஒன்று கம்பியைச் சுற்றி வந்து தன் தலையைத் தொட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். "லட்சுமி பூஜை கழித்துத் திறக்கும்போது இதை நீங்களே கழற்றுங்கள். தபனைத் தொட வேண்டாமென்று சொல்கிறேன்" என்று ஷட்டரை இறக்கினார்.

தெருவில் சாம்பிராணிப் புகைக்குள் மேளம் அதிர, கங்கையில் கரைக்கத் துர்க்கையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "தாதா, ஒரு கை கொடுங்கள்" என்று யாரோ கூப்பிட்டார்கள். சிலையின் பின்புறத்து மூங்கிலைப் பிடித்துத் தள்ளினேன். லாரி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன், வெளிர் மூங்கிலில் கிரீஸ் கறுப்பாக என் உள்ளங்கைத் தடம். கோடு ஷட்டருக்குள் இருந்தது. கை கங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.