ரோபோவுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக் கிண்ணத்தில் குழைத்து வைத்த சந்தனத்தை நான் இன்றைக்கும் தொடுவதில்லை. கல்யாண மண்டப வாசலில் யாராவது அதை நீட்டினால், கைப்பையில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் நான். அந்தக் கிண்ணத்தை ஒரு காலையில் ஏந்தி நின்ற மனிதரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அவர் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். வாய் கசந்தாலும் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் பெம்பான் ஊரைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த சின்னத் தமிழ்ப்பள்ளி அது. நான் அங்கே கணித ஆசிரியை. ரோபோ போட்டிக்கு மூன்று பிள்ளைகளைத் தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தபோது, ரோபோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு பேட்டரி வேண்டும் என்பது மட்டுமே. மற்றதையெல்லாம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து தெரிந்துகொண்டேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்திய அக்காவின் மகள் அவள். அம்மா மீகூன் நூடுல்ஸ் கிளறுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கை எப்போதும் எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும்.

போட்டி இதுதான். ஒரு பெரிய மேசையில் சிவப்புக் கட்டைகளும் நீலக் கட்டைகளும் கிடக்கும். ரோபோ தானாகவே ஓடிப்போய் ஒவ்வொன்றின் நிறத்தையும் பார்த்து, சிவப்பை ஒரு பெட்டியிலும் நீலத்தை இன்னொரு பெட்டியிலும் சேர்க்க வேண்டும். மேசைக் கோடியில் ஒரு பாலம். அதில் ஏறி இறங்கினால் அதிகப் புள்ளி. எல்லாப் பள்ளிகளும் பாலத்துக்கே குறிவைத்தன. இவள் மட்டும் ஒரு வாரம் ரோபோவை ஓடவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் கோடு கோடாகக் கணக்கு வைத்து, கடைசியில் சொன்னாள்: “பாலத்த விட்டுருவோம் டீச்சர். பத்து வாட்டி ஏறுனா ஆறு வாட்டி கவுந்துடுது. கட்டைய ஒன்னு விடாம எடுத்தாலே நமக்குப் போதும்.” பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆசையை விடத் தெரிந்திருந்தது. ரோபோவின் முன்பக்கம் நிறத்தைப் பார்க்கிற உணரி ஒன்று உண்டு. நாங்கள் அதைக் கண் என்போம். விளக்கு வெளிச்சம் பட்டால் அந்தக் கண் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கி, கண்ணுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு மறைப்புக் கட்டினாள். அதற்கே மூன்று நாள் ஆயிற்று.

போட்டியன்று காலை மலாக்கா டவுனில் ஒரு கல்லூரி மண்டபம். தலைவர் பட்டுச் சட்டையில் வந்தார். ஒரு கையில் அந்தக் கிண்ணம், பின்னால் படமெடுக்க ஒரு ஆள். “புதுக் காடி எடுத்தா பூஜ போடாம ரோட்டுல எறக்குவோமா? இதுவும் வண்டிதானே லா,” என்று சொல்லி, உள்ளங்கையளவு ரோபோவின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ரோபோவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவள் பதறிப்போய், “அங்கிள், கண்ணுகிட்ட வேணாம் அங்கிள்,” என்றாள். “நெத்தியிலதாம்மா வைக்கணும், பின்னால வைப்பாங்களா?” என்று அவர் விரலை அந்த மறைப்புக்குள் விட்டு, சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார். தடுக்க ஒரு வார்த்தை போதும். கேமரா என்னையும் சேர்த்துப் பிடிக்கிறதே என்று நான் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

துடைக்க நேரமில்லாமல் உடனே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் சுற்றில் ரோபோ எல்லாக் கட்டைகளையும், நீலத்தையும் கூட, சிவப்புப் பெட்டியிலேயே கொண்டுபோய்ப் போட்டது. கண்ணில் குங்குமம் இருந்தால் உலகமே சிவப்புத்தானே. அவள் ஓடிவந்து ரோபோவைத் திருப்பிப் பார்த்தாள். சட்டை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். இரண்டாம் சுற்றில் ஒரு கட்டைகூடத் தப்பவில்லை. பாலத்துக்குப் போன பள்ளிகளில் பாதி கவிழ்ந்தன. ஆனால் இரண்டு சுற்றையும் கூட்டித்தான் பரிசு. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தலைவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் வைத்த பொட்டை ஒரு பிள்ளை அழித்துவிட்டது. “சாமி குங்குமத்த எச்சில் போட்டுத் தொடச்சா எப்படி ஜெயிக்கும்?” என்று பஸ்ஸில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார். தோற்றது பொட்டோடு ஓடிய சுற்றில், ஜெயித்தது துடைத்த பிறகு ஓடிய சுற்றில். இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திங்கட்கிழமை சபைகூடலில் அவள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தலைமையாசிரியை சரி என்றார். சிற்றுண்டிச்சாலையை யார் நடத்துவது என்று ஆண்டுக் கடைசியில் முடிவு செய்வது சங்கம்; சங்கம் என்றால் தலைவர். அக்கா ஈரக் கையோடு என்னிடம் வந்து, “நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர். இந்தக் கேன்டீன் போச்சுன்னா நாங்க எங்க போவோம்?” என்றார்.

நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு வரி. அவள் படித்துப் பார்த்துவிட்டு, “‘நான் செய்த தவறினால்’னு போட்டிருக்கீங்க. எந்தத் தவறு டீச்சர்?” என்று கேட்டாள். “படிச்சிரும்மா, அவ்வளவுதான்,” என்றேன். படித்தாள், தடுமாறாமல். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, தாராளமாக மன்னித்து, அதே கிண்ணத்திலிருந்து எடுத்து அவள் நெற்றியில் பொட்டு வைத்தார். படமெடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னது நான்.

ஆண்டு முடிவில் சிற்றுண்டிச்சாலையைத் தலைவர் தன் மச்சினிக்கே கொடுத்தார். அக்கா புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பிள்ளையும் பள்ளி மாறினாள். நான் மாற்றல் கேட்டு தங்கா பத்து என்கிற ஊர்ப் பக்கம் வந்துவிட்டேன். தலைவர் இன்றைக்கும் அறிவியல் விழாக்களைத் திறந்துவைக்கிறார். பிள்ளைகள் துணிந்து சிந்திக்க வேண்டும் என்று பேசுகிறார். கேட்டால் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

போன மாதம் புக்கிட் ரம்பாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். இயந்திரங்களின் உணரிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பயிற்சியாம். அவளே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள், அம்மா நலம் என்றாள். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன்: “அன்னிக்கு உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா.”

“தெரியும் டீச்சர்,” என்றாள். “உங்களுக்கும் தெரியும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்து, “சாப்புடுங்க டீச்சர், ஆறிப்போவுது,” என்றாள்.