கார் ஏறாத சைலன்சர்காரர்

அவர் செய்யும் குழாய்களுக்குச் சைலன்சர் என்று பெயர். அவற்றை மாட்டிய கார் தெருமுனையில் திரும்பும்போதே மாடியில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். வேகக் கார் வைத்திருப்பவர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறார்கள். அவர் பட்டறைக்குச் சைக்கிளில் வருகிறார். கார் ஓட்டத் தெரியாது என்பதுகூடப் பெரிதில்லை. காரில் உட்காரவே முடியாது. நாலு திருப்பம் போனால் வயிறு தொண்டைக்கு வந்துவிடும். கல்யாணத்தன்று பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி, மீதி தூரத்தை நடந்தே வந்த மாப்பிள்ளை அவர். "ஆள் ஓடிட்டாருன்னு எங்க அம்மா அழவே ஆரம்பிச்சுட்டாங்க" என்று அவர் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், மலைச்சாலைப் பந்தயத்தில் கார் ஓட்டுகிறாள்.

பட்டறை பெரிதல்ல. ஒரு ஷட்டர், காரைத் தூக்க ஒரு லிஃப்ட், சுவர் முழுக்க வளைத்து மாட்டிய குழாய்கள். அவர் வைக்கும் வெல்டிங் மீன் செதில் அடுக்கியதுபோல் இருக்கும். ஆனால் அவர் பெயர் வாங்கியது வெல்டிங்கால் அல்ல, ஃபிளெக்ஸால். அது ஒரு சாண் நீளத் துண்டு. உள்ளே மடிப்பு மடிப்பாகத் தகடு, வெளியே ஜடைபோல் பின்னிய கம்பி. எஞ்சின் ரப்பர் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சாய்கிறது, விட்டால் நிமிர்கிறது. புகைக்குழாயின் பின்பாதியோ காரின் அடிவயிற்றில் சாதுவாகத் தொங்குகிறது. இரண்டையும் விறைப்பான ஒரே குழாயால் இணைத்தால் எங்காவது விரிசல் விழும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் இந்தத் துண்டு.

"ரேஸ் காருக்கு எதுக்குங்க இந்தக் கொழகொழா சமாச்சாரம்?" என்று கேட்ட ஒருவரிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல? அப்புறம் என்ன கேள்வி இது?" என்றார். அந்த வாடிக்கையாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவர் வைத்த ஃபிளெக்ஸ்தான் சொந்த மகளின் காரில் கிழிந்தது. புதிதாக ஒன்று வைத்தார். அதுவும், மலையில் அதே கொண்டையூசி வளைவில், அதேபோல் கிழிந்தது. காரும் அணியும் ஒரு மொத்த வியாபாரிக்குச் சொந்தம். அந்த வியாபாரி பட்டறைக்கே வந்தார்.

"மேஸ்திரி, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா சனிக்கிழமை சோதனை ஓட்டத்துல இன்னொரு தடவை கிழிஞ்சா, இந்த வருஷம் சீட்டு வேற ஆளுக்குத்தான். வண்டி தாங்கலையா, உங்க பொண்ணு வண்டிய வதைக்குதான்னு எனக்குத் தெரியல. எனக்கு அது தேவையும் இல்ல."

அவர் போனதும் மகள் லிஃப்ட் தூணில் சாய்ந்துகொண்டு, "பட்டறையில நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் வயித்தெரிச்சல்."

"பட்டறையில எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க. மலைக்கு வந்து பாரு."

பட்டறையில் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் பக்கத்துக் குழாயில் ஒரு கம்பியை இறுக்கிக் கட்டுவார். அது கியர் தண்டின் ஓட்டை வழியாக மேலே வரும். நுனியில் பென்சில், பக்கத்தில் ஓர் அட்டை. எஞ்சின் எவ்வளவு ஆடுகிறதோ அதை அதுவே வரைந்து காட்டும். நின்ற காரில் எவ்வளவு உறுமவிட்டும் அது வரைந்தது ஓர் அரிசி அளவுக் கோடுதான். மகள் அட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டு வந்தாள். குழந்தை கிறுக்கியதுபோல் ஒரே சிக்கல். எந்தக் கோடு எந்த வளைவில் விழுந்தது என்று சொல்ல வழியில்லை. கூட ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அணியின் மெக்கானிக் தானே போவதாகச் சொன்னார்.

"கண்ணால பாத்தத வாயால சொன்னா பாதி போயிடும்" என்றார் சைலன்சர்காரர். சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது. அப்படியென்றால் காரில் ஏற வேண்டியவர் அவரேதான்.

மனைவி ஒரு கட்டு பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தனுப்பினார். "கல்யாணத்துக்கே இறங்கி நடந்தவரு. பொண்ணுக்காக ஏறுறாரு பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்ன குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

மலையடிவாரத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "மெதுவா போகட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"மெதுவா போறதுக்கா நான் ஏறினேன்? நீ எப்பவும் போறபடி போ."

போனாள். முதல் இரண்டு வளைவுகளிலேயே ஒரு பை தீர்ந்தது. ஒரு கையில் பை, மறு கையில் அட்டை. ஒவ்வொரு வளைவுக்கும் அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினார். கண்ணை மட்டும் மூடவில்லை. அந்தக் கொண்டையூசி வளைவில் மகள் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டு, கியரைக் குறைத்து, மறுபடி முழுசாக மிதித்தாள். பென்சில் விரல் நீளத்துக்கு ஓடியது. ஓடியது நேர்கோடாக அல்ல, அரிவாள்போல் வளைந்து.

"நிறுத்து! நிறுத்து!"

நிறுத்தினாள். அவர் கதவைத் திறந்து சாலையோரம் குனிந்தார். அந்த நிலையிலும் அட்டை அழுக்காகாதபடி கையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். மகள் பயந்துபோனாள்.

"தப்பு என்னோடதுதான் பாப்பா. மலையில கல்லு அடிக்குமேன்னு ஃபிளெக்ஸை மேல ஒளிச்சு, குறுக்கால போற குழாயில வெச்சேன். பெரிய புத்திசாலித்தனம்னு நெனச்சேன். கோடு வளைஞ்சிருக்கு பாரு, எஞ்சின் நேரா நகரல, முன்னும் பின்னும் உருளுது. குறுக்கால இருக்கிற துண்ட அது துணி பிழியற மாதிரி முறுக்குது. நெடுக்க வெச்சிருந்தா சும்மா வளைஞ்சிருக்கும். அது எவ்வளவு வேணா வளையும். முறுக்கினாத்தான் கிழியும்."

"உன் வயிறு மாதிரி" என்றாள் மகள். "நேர் ரோட்ல எவ்வளவு குலுங்கினாலும் நல்லாத்தானே வந்தே?"

அவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்.

திரும்பியதும் தன் புத்திசாலித்தனத்தைத் தானே அறுத்து எடுத்தார். இரண்டு தடவை கிழிந்தபோதும் முகம் வாடியவர், இப்போது விசில் அடித்தபடி அறுத்தார். துண்டு காரின் நீளவாக்கில் பின்னுக்கு நகர்ந்தது. கல் படாமலிருக்க அதன் கீழே ஒரு தகடு. எடை கொஞ்சம் கூடியது. மகள் முணுமுணுத்தாள். "அப்ப நீ கொஞ்சம் கம்மியா சாப்பிடு" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அவர் அந்த வளைவுக்கு நடந்தே ஏறிப் போய் நின்றார். கிழிந்த ஃபிளெக்ஸ் தகரத்தைப் பிய்ப்பதுபோல் கத்தும்; பார்க்கவே வேண்டாம், காது போதும். கீழே எஞ்சின் உறுமியது, நெருங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டாள், கியரைக் குறைத்தாள், மிதித்தாள். கார் அவரைக் கடந்து மேலேறியது. கணீரென்ற ஒரே சத்தம், பிசிறே இல்லை.

அடுத்தடுத்த ஓட்டங்களிலும் சத்தம் மாறவில்லை. கடைசி ஓட்டம் முடிந்ததும் வியாபாரி மலையுச்சியில் காரின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சீட்டு உன்னோடதுதாம்மா" என்றார். மகள் அந்தச் சேதியோடு கீழே இறங்கி வந்து, வளைவில் அப்பாவின் பக்கத்தில் காரை நிறுத்தினாள்.

"சீட்டு எனக்குத்தாம்ப்பா! ஏறு, வீட்டுக்குப் போலாம்."

அவர் முகம் மலர்ந்தது. காரின் கூரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ முன்னால போம்மா. வண்டிய நம்பறேன், உன்னையும் நம்பறேன். நான் நடந்தே வர்றேன்."