கேமராவுக்கு வைத்த பொட்டு

புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். நான் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இப்போதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் மகள் ஒன்பதாவது படித்தாள். அல்சூர் பக்கம் ஒரு பழைய வீட்டில், படம் எடுக்கிறவர்களுக்கு உதவி செய்யும் அமைப்பு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுடைய டீச்சர்தான் சேர்த்துவிட்டார். இதெல்லாம் எதற்கு உதவும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வாரம் முழுக்க வாய் திறக்காத பெண், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பேசிக்கொண்டே இருப்பாள். அதற்காகவே அனுப்பினேன்.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ கேமரா. முறை வைத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். கேமராவுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு கிடையாது என்று எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போட்டவன் நான்தான். அவள் முறை ஆயுத பூஜை வாரத்தில் வந்தது. அவள் அல்சூர் ஏரியைப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

அன்று பட்டறையில் பூஜை முடிந்து வீட்டுக்கு வந்து, மனைவியின் தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, மகளின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பீரோ மேல் கேமரா இருந்தது. நம் பொருளுக்கெல்லாம் வைத்துவிட்டு, நம்பிக் கொடுத்தவர்கள் பொருளை விட்டால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. மூடியைக் கழற்றி, கண்ணாடியின் நட்டநடுவில் அழுத்தமாகப் பொட்டு வைத்தேன். அதற்கு முகம் அதுதானே என்று நினைத்தேன்.

மகள் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "அப்பா, அது லென்ஸ்" என்றாள். அவ்வளவுதான். நான் பதறிப்போய் பனியன் நுனியால் தேய்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுவில் மெல்லிய கோடுகள். பாலிஷ் போட்ட சாமானை அழுக்குத் துணியால் துடைக்காதே என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான்.

"சொல்லாமயே குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"கெடுத்தது பத்தாதா, பொண்ண வேற பொய் சொல்ல வெக்கணுமா? நீங்களே போய் சொல்லுங்க" என்றாள் மனைவி.

சனிக்கிழமை மகளோடு பஸ் ஏறினேன். எனக்குக் கன்னடம் பேச வரும். ஆனாலும் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா கன்னடக்காரர். "கூத்கொள்ளி சார், கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் லென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "எல்லா சாமானுக்கும் வெச்சீங்களா? கத்தரிக்கோலுக்குமா?" என்றார்.

"ஆமா மேடம்."

"எந்த விரல்ல?"

இது என்ன கேள்வி என்று புரியாமல் மோதிர விரலைக் காட்டினேன். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். கேலியா, சந்தோஷமா, தெரியவில்லை. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "இவ்ளோ நாள் கேமரா வீட்ல இருந்துச்சு. அந்த ஏரிய மட்டுந்தான் எடுத்தியா? இத எடுக்கலயா?"

"எங்க வீட்ல என்ன மேடம் இருக்கு" என்று அவள் தலை குனிந்தாள்.

அவர் அதே கேமராவை இன்னும் ஒரு வாரத்துக்கு அவள் கையில் கொடுத்தார். அது தண்டனையா, மன்னிப்பா என்று வீடு வரும்வரை யோசித்தேன். அந்த வாரம் மகள் பட்டறைக்கு வந்து என்னையும் மெஷினையும் எடுத்தாள்.

பிறகு ஒரு நாள் பிள்ளைகளின் படங்களை அங்கேயே போட்டுக் காட்டினார்கள். நானும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் நான் ஜன்னலுக்கு முன்னால் நின்று லேத் ஓட்டுகிறேன். நான் போட்ட கோடுகளில் பட்டு ஜன்னல் வெளிச்சம் புகை மாதிரி பரவி, என் நெற்றியை மூடியிருந்தது. பாதி முகம் தெரியவில்லை. பாவம், படம் கெட்டுவிட்டதே என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அந்த வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டாராம். மகள் மைக்கை வாங்கி, கன்னடத்தில், "அது எங்கப்பா வெச்ச பொட்டு" என்றாள். எல்லோரும் கைதட்டி, திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து நிற்க வேண்டுமா, கூடாதா? பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மகளின் வகுப்பு நிற்கவில்லை. இன்று அவளுக்கென்று ஒரு கேமரா இருக்கிறது. ஆயுத பூஜையன்று மூடியைக் கழற்றாமல் அதை என் முன்னால் வைப்பாள். நான் அதன் தோள்பட்டையில் சின்னதாக ஒரு பொட்டு வைப்பேன். அன்று யாராவது திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். கைதட்டிவிட்டார்களே, அதனால்தான் நான் செய்தது தப்பா, இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் விரலில் குங்குமத்தோடு ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.